உலர் எடை

வீட்டிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்குப் பதினோரு மேடுகள்.
பிளாட் வாசலில் ஒன்று, சீனப் பள்ளிக்கு முன்னால் இரண்டு,
மார்க்கெட் முனையில் பெயின்ட் போன ஒன்று,
மற்றவை ஜெலுத்தோங் போய்ச் சேரும்வரை
எங்கே வேண்டுமானாலும்.
தொண்ணூற்றாறாம் வருஷத்து வீரா
ஒவ்வொன்றிலும் பின்பக்கமாய்க்
கடக் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் இறங்கும்.
பின் சீட்டில் கண்மூடிச் சாய்ந்திருப்பவள்
இடது கையை வலது கையால் ஏந்திக்கொள்வாள்.

பூன் செங் டார்ச் அடித்துப் பார்த்தான்.
ரப்பர் வாய் பிளந்திருந்தது,
நடுக்குழாய் ஒரு பக்கமாய் ஒதுங்கி
வாடகை பாக்கிக்காரன் போல நின்றது.
கூலியோடு நானூற்றெண்பது வெள்ளி.
பொருள் மட்டும்?
நூற்றிருபது.
பொருளை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

போனில் சொன்னேன், புஷ் போயிருச்சு.
"நான் இன்னும் இருக்கேனே" என்றாள்
புஷ்பலீலா.
பின்னால் மெஷின் பீப் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடம்.
மூன்றாம் மாடி ஷம்சுல் ஜாக் ஸ்டாண்டு கொடுத்தான்,
நாசி லெமாக் சாப்பிட்டபடியே கருத்தும் கொடுத்தான்:
வித்துடுங்க அண்ணே.
போல்ட் அசையவில்லை.
எண்ணெய் அடித்தேன், காத்திருந்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன்,
ஸ்பேனரில் தண்ணீர்க் குழாயைச் செருகி
மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டேன்.
துரு, கொட்டைப்பாக்கு உடைவதுபோல உடைந்தது.
பழைய கூட்டை ரம்ப பிளேடால் அறுக்க இரண்டு மணி நேரம்,
சவர்க்காரத் தண்ணீர் தடவிப்
புதியதை இழுத்து உட்காரவைக்கப் பத்து நிமிஷம்.
கொடிமலைப் பக்கம் வானம் கருத்தது.

போல்ட்டைக் கையால் மட்டும் திருகி நிறுத்தினேன்.
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால்
வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிக்கொள்ளும்,
முறுகியே ஓடும், ஆறே மாதத்தில் கிழியும்.
பலகைகளின்மேல் நிற்கவைத்து,
சுமக்க வேண்டியதைச் சுமந்துகொண்டிருக்கும்போதுதான்
கடைசி முறுக்கு.

லீலா, கீழ வா, பின்னால ஏறி உட்காரு.

நைட்டியோடும் சிலிப்பரோடும் வந்தாள்.
கதவைத் திறந்தவள் நின்றாள்.
"எந்த வெயிட் வேணும்? மெஷினுக்கு முன்னயா, பின்னயா?"

நர்ஸ் அட்டையில் எழுதுவது: உலர் எடை ஐம்பத்தேழு.
செவ்வாய்க்கிழமை தராசில் ஏறும்போது ஐம்பத்தொன்பதரை.
இடையில் இருப்பது முழுக்கத் தண்ணீர்.
அரை கப் தேத்தண்ணி என்று அவள் சாதிப்பாள்.

கையில் ஸ்பேனரோடு
நான் உண்மையாகவே யோசித்தேன்.

"வரும்போது தூங்கிடுவேன், ஒண்ணும் தெரியாது," என்றாள்.
"போறப்பதான் இடிக்குது."

அப்ப முன்ன.

"இன்னிக்கு ஞாயிறுதானே, ஒன்றரை கிலோ குறையும்"
என்று மறுபடி மேலே போனாள்.
லிஃப்ட் வர நேரமானது.
ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி வந்து
ஏறி உட்கார்ந்து
அதை மடியில் வைத்துக்கொண்டாள்,
மூடி திறக்காமல்.
ஷம்சுல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

நான் அடியில் ஊர்ந்து போனேன்.
மூக்குக்கு மேலே ஒரு சாண் தகரம்,
தகரத்துக்கு மேலே அவள்,
எதையோ பார்த்துக் காலாட்டிக்கொண்டிருந்தாள்.
ஆட்டாதே என்றேன்.
ஆட்டவில்லை.
ஸ்பேனர் டிக் என்றது.
அடுத்த பக்கமும் டிக்.
முதல் மழைத்துளிகள் போனட்டில் விழுந்தன.

செவ்வாய், காலை ஐந்தே கால்.
பிளாட் வாசல் மேடு: ஒன்றுமில்லை.
பள்ளிக்கூடத்து இரண்டும் ஒன்றுமில்லை.
வேறு ஏதோ கிறீச்சென்றது, முன்பக்கம்,
இத்தனை நாள் அது தன் முறைக்குக் காத்திருந்திருக்கும்.
அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடியில் பார்த்தேன், கண் மூடியிருந்தாள்,
இடது கை மடியில் தனியாகக் கிடந்தது.

"எங்க இருக்கோம்?"

மார்க்கெட் தாண்டிட்டோம்.

"பொய்" என்று கண் திறந்தாள்.
ஐஸ் பெட்டிகள் இறக்கும் மீன் லாரியின் வெளிச்சம்
பின் கண்ணாடி வழியாக
அவள் கழுத்துவரை வந்திருந்தது.